தானாக உருவாக்கிய பக்கங்களும் கூகுள் தரவரிசையும்

ஏஐ எழுதியது என்று தெரிந்தாலே கூகுள் தளத்தைக் கீழே தள்ளிவிடும் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. எழுதியது யார் என்பது சிக்கல் இல்லை, தேடல் முடிவுகளை ஏய்க்க எழுதினால்தான் ஸ்பேம் (குப்பை உள்ளடக்கம்) என்று 2023 பிப்ரவரியிலேயே கூகுள் சொல்லிவிட்டது. 2024 மார்ச்சில் கொண்டுவந்த ஸ்பேம் விதியும் பயனில்லாத பக்கங்களை மொத்தமாகக் கொட்டுவதைத்தான் குறிவைக்கிறது. ஆள் வைத்துத் தட்டச்சு செய்திருந்தாலும் அதே விதிதான்.

வழக்கமாக மாட்டுவது இந்த வகை: ஒரே டெம்ப்ளேட், 500 ஊர், 20 சேவை, ஆக 10,000 பக்கம். ஊர்ப்பெயரை மறைத்துவிட்டு இரண்டு பக்கங்களைப் படியுங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் கூகுளுக்கும் தெரியாது. இதற்கு ஏஐகூடத் தேவையில்லை, ஒரு எக்செல் தாள் போதும்!

சர்ச் கன்சோலில் (கூகுள் தேடலில் தளத்தின் நிலையைக் காட்டும் கருவி) முதலில் 'மேனுவல் ஆக்‌ஷன்ஸ்' பாருங்கள். கூகுள் ஆட்கள் நேரடியாகக் கொடுத்த தண்டனை அங்கேதான் தெரியும். அறிவிப்பு இருந்தால், சரிசெய்தபின் மறுபரிசீலனை கேட்கலாம். அறிவிப்பே இல்லாமல் வருகை சரிந்திருந்தால் முறையிட இடமில்லை. அடுத்தது பேஜ் இண்டெக்ஸிங் அறிக்கை, எந்தப் பக்கங்கள் கூகுளின் தேடல் பட்டியலில் (இண்டெக்ஸ்) ஏறியிருக்கின்றன என்று இது காட்டும். 'கிரால்டு - கரண்ட்லி நாட் இண்டெக்ஸ்டு' எண்ணிக்கை ஏறுகிறதென்றால், கூகுளின் பாட் (பக்கங்களைப் படிக்கும் தானியங்கி நிரல்) வந்து படித்துவிட்டு வேண்டாமென்று போயிருக்கிறது. 'டிஸ்கவர்டு' என்று தொடங்கினால், முகவரி தெரிந்தும் படிக்கவே வரவில்லை.

வேண்டாத பக்கங்களைக் களையெடுக்க, சர்ச் கன்சோலின் பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையிலிருந்து 16 மாதத் தரவை எடுங்கள். திரையிலிருந்து 1,000 வரிதான் இறங்கும். பெரிய தளத்துக்கு ஏபிஐ (நிரல் மூலம் தரவை எடுக்கும் வழி) வேண்டும். கிளிக்கும் இம்ப்ரெஷனும் (தேடல் முடிவில் தோன்றிய எண்ணிக்கை) இல்லாத பக்கங்கள் அந்தப் பட்டியலிலேயே வராது என்பதால், சைட்மேப்போடு (தளத்தின் முகவரிப் பட்டியல்) ஒப்பிட்டுத்தான் அவற்றைப் பிடிக்க முடியும். ஒரே விஷயத்தைச் சொல்பவற்றை ஒன்றாக்கி, பழைய முகவரிகளுக்கு 301 (புதிய முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் குறியீடு) கொடுங்கள். உதவாதவற்றை நீக்கி 404 (பக்கம் இல்லை) அல்லது 410 (நீக்கப்பட்டது) கொடுங்கள். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது வீண்வேலை, கூகுள் அதை 'சாஃப்ட் 404', அதாவது இல்லாத பக்கம் என்றே எடுத்துக்கொள்ளும்.

அடிக்கடி நடக்கும் இன்னொரு சொதப்பல்: நோஇண்டெக்ஸ் (தேடலில் சேர்க்காதே என்று பக்கத்துக்குள் போடும் குறிப்பு) போட்டுவிட்டு, அதே பக்கங்களை ரோபாட்ஸ் கோப்பிலும் (பாட் எங்கே வரக்கூடாது என்று சொல்லும் கோப்பு) தடுப்பது. பாட் உள்ளே வராவிட்டால் நோஇண்டெக்ஸை எப்படிப் படிக்கும்? சர்ச் கன்சோலில் முகவரிகளைத் தேடலிலிருந்து மறைக்கும் ரிமூவல்ஸ் கருவியை நம்பி இருப்பதும் சரிவராது, அது சுமார் ஆறு மாதம்தான் மறைக்கும். எழுத்தைத் தொடாமல் தேதியை மட்டும் புதுப்பிப்பதால் தரவரிசை ஏறாது. பக்கங்களை நீக்கிய மறுவாரமே வருகை வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். மாதக்கணக்கில் ஆகும், சில தளங்களுக்கு அடுத்த கோர் அப்டேட் (தரவரிசை முறையில் கூகுள் செய்யும் பெரிய மாற்றம்) வரை அசைவே இருக்காது.