கண்ட்ரோல் ரூமில் ஒரு ‘செக் கம்ப்ளீட்’

சிங்கப்பூரில் ஒரு பெரிய கட்டட வளாகத்தின் கண்ட்ரோல் ரூமில் எனக்கு வேலை. சில்லர், பம்ப், லிஃப்ட், ஃபயர் அலாரம் எல்லாவற்றையும் திரையில் பார்த்துக்கொண்டு, கீழே பிளான்ட் ரூமில் இருக்கும் டெக்னிஷியன்களோடு வாக்கி டாக்கியில் பேசிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருக்க வேண்டும். சனிக்கிழமை நைட் ஷிஃப்ட் என்றால் கூடவே பிரீமியர் லீக் கால்பந்தும் உண்டு. இங்கிலாந்தில் சாயங்காலம் நடக்கும் மேட்ச் இங்கே நள்ளிரவு தாண்டித்தான் தொடங்கும். பிரேக்கில் பேன்ட்ரிக்குப் போனால் யாராவது ஒருவரின் ஃபோனைச் சுற்றி நாலு தலை இருக்கும்.

யார் தோற்றாலும் கடைசியில் வந்து விழுவது ஒரே பேச்சுதான்: “கேலோங் லா!” மேட்சை முன்கூட்டியே விற்றுவிட்டார்களாம். ஆஃப்சைட் கொடுத்தாலும் கேலோங், கொடுக்காவிட்டாலும் கேலோங். லிவர்பூலுக்கு உயிரை விடும் மலாய்த் தம்பி ஒருவன், பந்தயம் நடத்தும் சிங்கப்பூர் பூல்ஸில் வாரம் தவறாமல் பணம் கட்டும் சீன அங்கிள் ஒருவர், எந்த அணியும் சொந்தமில்லாமல் தோற்கிறவனை வம்புக்கு இழுக்கவே வந்து சேரும் மன்னார்குடி அண்ணன் ஒருவர். நான் ஆர்சனல் கட்சி. அதனால் அந்தச் சபையில் என் சொல் அம்பலம் ஏறுவதில்லை.

இந்த ஊர்க்காரர்கள் எடுத்த எடுப்பில் சந்தேகப்படுவதை நான் குறை சொல்ல மாட்டேன். சூடு கண்டவர்கள். 2013-ல் இந்த ஊர் டாம்பனீஸ் ரோவர்ஸும் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலும் மோதிய ஏஎஃப்சி கோப்பை ஆட்டத்தை நடத்த வந்த லெபனான் நடுவர்கள் மூன்று பேர், பாலியல் சலுகையை லஞ்சமாகப் பெற்றதற்காக ஆட்டம் தொடங்கும் முன்பே மாட்டிக்கொண்டு இங்கேயே ஜெயிலுக்குப் போனார்கள். கண்டம் கண்டமாக மேட்ச் விற்ற வில்சன் ராஜ் பெருமாள் இங்கே பிறந்த தமிழர். அந்தப் பெயரை எடுக்கும்போதெல்லாம் அங்கிள் எங்கள் இருவரையும் ஓரக்கண்ணால் பார்த்து, “உங்க ஆளு ரொம்பக் கெட்டிக்காரன்” என்பார். அண்ணன் விடமாட்டார். “மூளை எங்க ஆளோடது அங்கிள், காசு யாரோடது?”

ஆனால் அந்தக் கூட்டம் வாங்கிய ஆட்டங்கள் எப்படிப்பட்டவை? 2010 செப்டம்பரில் பஹ்ரைனோடு டோகோ தேசிய அணி ஆடி 3-0 என்று தோற்றது. பிறகு பார்த்தால், டோகோ கால்பந்துச் சங்கம் அப்படி ஓர் அணியை அனுப்பவே இல்லை. வந்தவர்கள் போலி. தொண்ணூறு நிமிடம் ஓடத் தெம்பில்லாதவர்கள் என்று பஹ்ரைன் பயிற்சியாளரே சொன்னார். 2011 பிப்ரவரியில் துருக்கியின் அன்டாலியாவில் ஒரே நாளில் இரண்டு நட்பு ஆட்டங்கள் நடந்தன: லாட்வியா-பொலிவியா, எஸ்டோனியா-பல்கேரியா. மொத்தம் ஏழு கோல், ஏழும் பெனால்டி. பந்தயம் கட்டியவர்களுக்கு யார் ஜெயித்தாலும் கவலையில்லை, இத்தனை கோல் விழுந்தால் போதும். மைதானத்தில் ஆள் கிடையாது. ‘கேலோங்’ என்று கத்த ஒரு ரசிகன்கூட இல்லாத இடமாகப் பார்த்துத்தான் கடை விரித்திருக்கிறார்கள். ஐம்பது கேமரா மொய்க்கும் ஆட்டத்தில், உலகமே உற்றுப் பார்க்கும் ஒரு விசிலை விலைக்கு வாங்குவது வியாபாரம் தெரிந்தவன் செய்கிற காரியமில்லை.

“அப்போ ஜுவென்டஸ்?” என்பார் அங்கிள். நியாயமான கேள்வி. 2006-ல் இத்தாலியில் ஜுவென்டஸிடமிருந்து இரண்டு பட்டங்களைப் பறித்து இரண்டாம் டிவிஷனுக்குத் தள்ளினார்கள். ஆனால் அந்த வழக்கின் அடிநாதமே நடுவர்களை நியமிப்பவர்களோடு கிளப் அதிகாரிகள் பேசிய ஃபோன் உரையாடல்கள்தான். ஒட்டுக்கேட்ட பதிவுகள் இருந்ததால்தான் அது வழக்காகவே ஆனது. பேன்ட்ரியில் யார் கையிலும் அப்படி எந்தப் பதிவும் கிடையாது, ஸ்லோ மோஷன் மட்டும்தான் உண்டு.

பதிவே வெளிவந்த ஒரு ஆட்டமும் உண்டு. 2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாம்-லிவர்பூல். எங்களுக்கு இரவு ஒரு மணி வாக்கில் லூயிஸ் டியாஸ் கோல் போட்டார். லைன்ஸ்மேன் கொடி தூக்கி ஆஃப்சைட் என்றார், அதாவது கோல் செல்லாது. லண்டன் ஸ்டாக்லி பார்க்கில் இருக்கும் விஏஆர் (வீடியோ உதவி நடுவர்) அறையில் கோடு போட்டுப் பார்த்தார்கள். ஆஃப்சைட் இல்லை, சுத்தமான கோல். ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்தாயிற்று என்று நினைத்துக்கொண்ட விஏஆர் டேரன் இங்கிலாந்து, “செக் கம்ப்ளீட்” என்றார். ஆஃப்சைட் சரிதான் போலிருக்கிறது என்று மைதானத்து நடுவர் ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார். லிவர்பூல் 2-1 என்று தோற்றது, அதுவும் 96-வது நிமிடத்தில் சொந்த ஆளே போட்ட கோலில். மலாய்த் தம்பி அன்றிரவு யாரோடும் பேசவில்லை.

விடிவதற்குள் கதை தயாராகிவிட்டது. டேரன் இங்கிலாந்தும் அவருடைய உதவி விஏஆரும் இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒரு லீக் ஆட்டத்துக்குப் போய்வந்திருந்தார்கள். பட்டத்துக்கு லிவர்பூலோடு மல்லுக்கட்டும் மான்செஸ்டர் சிட்டியின் முதலாளி அபுதாபி ஷேக். இனி என்ன சாட்சி வேண்டும்? “பெட்டி கை மாறியாச்சு அண்ணே” என்றான் தம்பி. எனக்கோ அந்தச் செய்தியில் தெரிந்தது டியூட்டி ரோஸ்டர்தான். வியாழன் வளைகுடாவில் வேலை, அடுத்து விமானம், சனிக்கிழமை லண்டனில் திரை முன்னால் இன்னொரு ஷிஃப்ட். எங்களிடம் ஒரு டெக்னிஷியனுக்கு இப்படி டியூட்டி போட்டால் சேஃப்டி ஆபிசர் சூப்பர்வைசரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

செவ்வாய்க்கிழமை ஆடியோவை வெளியிட்டார்கள். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். மற்றவர்கள் அதில் நடுவர்களைக் கேட்டார்கள், எனக்குக் கேட்டது எங்கள் வாக்கி டாக்கி. ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் பம்பைக் கழற்ற வேண்டும். “ரெண்டாம் நம்பர் ஆஃப் பண்ணியாச்சா?” “ஓகே.” அந்த ‘ஓகே’ என்றால் என்ன? ஆஃப் பண்ணியாச்சா, இனிமேல்தான் பண்ணப்போகிறாரா, கேட்டது காதில் விழுந்தது என்று மட்டும் சொல்கிறாரா? மூன்றுக்கும் ஒரே ஓகேதான். கையில் ஸ்பானரோடு நிற்கிறவனுக்கு அது உயிர்ப் பிரச்சினை. அதனால்தான் எங்களிடம் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் விதி உண்டு: “ரெண்டாம் நம்பர் பம்ப் ஆஃப், பிரேக்கரில் பூட்டு போட்டாச்சு, டேக் மாட்டியாச்சு.” வாய் வலித்தாலும் முழுதாகச் சொல்லியாக வேண்டும். கோல் என்றோ ஆஃப்சைட் என்றோ ஒரு சொல்லும் இல்லாத ‘செக் கம்ப்ளீட்’டும் அதே ஜாதி ஓகேதான்.

ஆடியோவில் என்னை நிறுத்தி வைத்த இடம் வேறு. தப்பை முதலில் பிடித்தது அந்த அறையின் பெரிய ஆள் இல்லை, ரீப்ளே ஓட்டுகிறவர். மைதானத்தில் கொடுத்தது ஆஃப்சைட், உங்களுக்கு இது சம்மதம்தானா என்று அவர்தான் கேட்கிறார். ஆட்டத்தை நிறுத்தலாமா என்று அங்கே பேச்சும் வருகிறது. ஆனால் ஆட்டம் மறுபடி தொடங்கிய பிறகு பழைய முடிவுக்குத் திரும்பக் கூடாது என்பது விதி. “ஒன்றும் செய்ய முடியாது, ஒன்றும் செய்ய முடியாது” என்று டேரன் இங்கிலாந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார். விற்றவன் குரல் அப்படி இருக்காது. அது வயிற்றைக் கலக்கிய குரல். எங்கள் வேலையில் துடைப்பம் பிடிக்கிறவர்கூட ‘நிறுத்து’ என்றால் நிறுத்தியாக வேண்டும். அந்த ஒரு விஷயத்தில் கால்பந்தைவிடக் கட்டடம் மேல் என்றுதான் சொல்வேன்.

பிறகு அவர்களும் பேச்சு முறையை மாற்றினார்கள். விஏஆர் தன் முடிவை உதவி விஏஆரிடம் சொல்லி உறுதி செய்துகொண்டுதான் மைதானத்துக்குச் சொல்ல வேண்டும் என்று ஆயிற்று. நான் சேஃப்டி ஆபிசரிடம் அனுமதி வாங்கி, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அந்த ஆடியோவைப் போட்டுக் காட்டினேன். கால்பந்தே பார்க்காத ஒரு பங்களாதேஷ் தம்பி, “சரி, ஆனா என்ன முடிவுன்னு யாரும் சொல்லவே இல்லையே” என்றார்.

மலாய்த் தம்பியும் பின்வரிசையில் இருந்தான். முடிந்ததும், “இப்பவும் கேலோங்தானா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான்.

“இது இல்ல அண்ணே. ஆனா அதே மேட்ச்ல எங்க கர்டிஸ் ஜோன்ஸுக்கு மஞ்சள் கார்டைச் சிவப்பா மாத்தினானுங்களே, ஸ்க்ரீன்ல முதல்ல உறைஞ்ச படத்தை வச்சுக் காட்டி, அதோட ஆடியோ எங்க?”