ஒழுகின கப்

"கப் அடிச்சிட்டோம்மா!" என்று ராத்திரி ஒன்பது மணிக்கு வாசலில் நின்று கத்தினேன். உள்ளேயிருந்து அம்மா, "தெரு முனையிலயே அடிச்சுது, மொதல்ல அந்த பனியனைக் கழட்டி பக்கெட்ல போடு" என்றாள்.

மெட்ராஸ் தமிழ் பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கப்பு என்றால் நாற்றம். 'கப் அடிச்சான்' என்றால் ஜெயித்தான், 'கப்பு அடிக்குது' என்றால் மூக்கைப் பொத்திக்கொள். நடுவில் ஒரு உகரம்தான் வித்தியாசம், வேகமாகப் பேசினால் அதுவும் காதில் விழாது. அன்றைக்கு என்னிடம் இரண்டும் இருந்தது. மூன்று நாள் டோர்னமெண்ட், ஒரே பனியன், துவைத்தால் ராசி போய்விடும் என்று கேப்டன் உத்தரவு.

தண்டையார்பேட்டையில் நடந்த டென்னிஸ் பால் மேட்ச் அது. கடைசி ஓவரில் அவர்களுக்கு நாலு ரன் வேண்டும், அடித்த பந்து நேராக லாங் ஆனுக்குப் போனது, அங்கே நின்ற எங்கள் பையன் அதற்கு முன்னால் இரண்டு கேட்ச் விட்டவன், எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டோம், அவன் கப்புன்னு பிடித்துவிட்டான். எதிர் டீம் கப்சிப். (ஒரே பத்தியில் இன்னும் இரண்டு கப்பு வந்துவிட்டது, நான் வேண்டுமென்று செய்யவில்லை. ஊர்ப்பக்கம் மரக்கிளைக்கும் கப்பு என்பார்கள், அதை இங்கே இழுக்க வேண்டாம்.)

கப் இரண்டடி உயரம். பெரியமேட்டுக் கடையில் வாங்கியது, தங்கக் கலர் பிளாஸ்டிக், இரண்டு பக்கமும் யானைக் காது மாதிரி கைப்பிடி, கீழே மார்பிள் போலத் தெரிகிற கட்டை. கேப்டன் அதில் இரண்டு பாட்டில் பன்னீர் சோடாவை ஊற்றி, டிவியில் பார்த்த மாதிரி தலைக்கு மேலே தூக்கினான். தூக்கினதுதான் தாமதம், சோடா அவன் கை வழியாக இறங்கி, அக்குளில் புகுந்து, பேண்டுக்குள் போய்விட்டது. "இன்னாடா, ஒழுவுது!" கப்பையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கிற போல்ட்டு அடியில் ஓட்டை போட்டுத்தான் உள்ளே போகிறது, நட்டு சரியாக முறுக்கவில்லை. வாய் வைத்துக் குடிக்கவா கொடுக்கிறார்கள், ஷோகேஸில் வைக்கத்தானே.

ரொம்ப நாள் கழித்து ஒரு விஷயம் படித்து மனசு ஆறியது. பாய்மரப் படகுப் போட்டியில் அமெரிக்காஸ் கப் என்று ஒன்று இருக்கிறது, 1851-இல் இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த ரேஸில் 'அமெரிக்கா' என்ற படகு ஜெயித்து வாங்கியது. அந்த வெள்ளிக் கூஜாவுக்கு அடிப்பாகமே கிடையாது. எங்கள் கப்பிலாவது போல்ட்டு அளவுக்குத்தான் ஓட்டை. ஃபிஃபா உலகக் கோப்பையோ அதற்கும் மேல், 36.8 சென்டிமீட்டர் உயரம், 6 கிலோவுக்கு மேல் எடை, 18 காரட் தங்கம், இரண்டு உருவங்கள் சேர்ந்து பூமி உருண்டையைத் தாங்குகின்றன. அதில் வாயே கிடையாது, ஒரு சொட்டு ஊற்ற முடியாது, அதற்குப் பெயர் கோப்பையாம். ஐஸ் ஹாக்கி ஆட்களின் ஸ்டான்லி கப்தான் நேர்மையான கப், ஜெயித்தவர்கள் நிஜமாகவே அதில் ஷாம்பெயின் ஊற்றிக் குடிக்கிறார்கள்.

உலகக் கோப்பை என்றதும் நம்ம ஏரியா பெண் நினைவுக்கு வருகிறாள். செரியன் நகர் காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம். கிரிக்கெட்டில் இதே காரியம் நடந்திருந்தால் ஒரு வாரம் பட்டாசு சத்தத்தில் தூங்கியிருக்க முடியாது. கேரம் என்பதால் ஒரு நாள் செய்தியோடு போய்விட்டது, எனக்கு அதில் இன்னும் வயிற்றெரிச்சல்தான்.

சரி, ஓட்டைக்கு வருவோம். ஒழுகுவதற்கென்றே செய்த கப் ஒன்றை பத்தாவதில் பிசிக்ஸ் சார் கொண்டு வந்தார். வசுதேவர் கப். பித்தளைக் கிண்ணத்துக்குள் குழந்தை கிருஷ்ணரைத் தூக்கிக்கொண்டு வசுதேவர் நிற்பார். தண்ணீர் ஊற்ற ஊற்ற ஏறும், கிருஷ்ணர் காலைத் தொட்டவுடன் யமுனை வழிவிட்ட மாதிரி மொத்தமும் அடியில் வடிந்துவிடும். பின்பெஞ்சில் ஒருத்தன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். சார் சிரிக்காமல் பொம்மையைத் திருப்பிக் காட்டினார். உள்ளே கவிழ்த்து வைத்த U மாதிரி ஒரு குழாய், ஒரு கால் கிண்ணத்துக்குள், இன்னொரு கால் அடியைத் துளைத்துக்கொண்டு வெளியே. வளைவுக்குக் கீழே தண்ணீர் இருக்கும்வரை ஒன்றும் நடக்காது. வளைவைத் தாண்டினால் வெளிக்காலில் விழுகிற தண்ணீர் பின்னால் இருப்பதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், உள்வாயில் காற்று புகும்வரை நிற்காது. கிரேக்கர்கள் இதையே பித்தகோரஸ் பெயரில் வைத்திருக்கிறார்கள். வாஷிங் மெஷினில் துணி மணப்பதற்கு ஊற்றுகிறோமே, அந்த அறையிலும் பல மெஷின்களில் இதே வளைவுக் குழாய்தான், சைஃபன் என்பார்கள். கோட்டுக்கு மேல் ஊற்றினால் எல்லாம் அப்போதே வடிந்துவிடும், அம்மா மெஷினைத் திட்டுவாள்.

ஒழுகாத கப் பார்க்க வேண்டுமென்றால் விடியற்காலையில் காசிமேடு போக வேண்டும். ஏலம் நடக்கிற இடத்தில் ஐஸ் தண்ணீரும் செதிலுமாகத் தரை வழுக்கும், மீன் கூடைக்கு நடுவில் டீக்கடை அண்ணன் கம்பி ஸ்டாண்டில் எட்டு கிளாஸ் டீயோடு ஓட்டமும் நடையுமாக வருவார், ஒரு சொட்டு சிந்தாது. நான் வீட்டில் கிச்சனிலிருந்து ஹாலுக்குப் பத்தடி வந்தால் பாதி சாஸரில் இருக்கும். காரணம் இருக்கிறது. சாதாரண கப்பில் இருக்கிற காபியைத் தட்டிவிட்டால் வினாடிக்கு மூன்று, நான்கு தடவை இங்கும் அங்கும் அலையும். நடக்கும்போது வினாடிக்கு ஏறக்குறைய இரண்டு தடவை கால் எடுத்து வைக்கிறோம். ஊஞ்சலை ஒரு ஆட்டம் விட்டு ஒரு ஆட்டம் சரியான நேரத்தில் தள்ளினாலும் ஏறுவது போல, நடையின் குலுக்கல் அந்த அலையோடு ஒத்துப்போய் ஏற்றிவிட்டுக்கொண்டே இருக்கும். இதை ஆராய்ச்சி செய்த இருவருக்கு 2012-இல் இக் நோபல் பரிசு கொடுத்தார்கள், முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கிற ஆராய்ச்சிக்குக் கொடுப்பது அது. அண்ணனின் ஸ்டாண்ட் மேலே பிடித்துத் தொங்குவதால் டீ எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே கிளாஸும் சாய்ந்துகொள்கிறது, அதனால் விளிம்பைத் தாண்டாது. இதை அவரிடமே விளக்கினேன். "சில்லறையா குடு தம்பி" என்றார்.

அங்கே நின்றபடியே வடை கடித்தபோது இன்னொன்று. கணிதத்தில் இடவியல் (டோபாலஜி) என்று ஒரு பிரிவு, அதில் மெதுவடையும் கைப்பிடி வைத்த கப்பும் ஒன்றுதான். இரண்டுக்கும் ஒரே ஓட்டை, களிமண்ணாக இருந்தால் கிழிக்காமல் ஒட்டாமல் ஒன்றை மற்றொன்றாக அழுத்திவிடலாம். டீ கிளாஸுக்குக் கைப்பிடி இல்லை, அதனால் அது போண்டா. எங்கள் தண்டையார்பேட்டை கப்புக்கு இரண்டு கைப்பிடி, கூடவே போல்ட்டு ஓட்டை. மூன்று ஓட்டை வடை எந்தக் கடையிலும் போடுவதில்லை.

அந்தக் கப் பல வருஷம் டிவி மேல் இருந்தது. சீப்பு, கரண்ட் பில், ஊக்கு எல்லாம் அதில்தான் கிடக்கும். போன மழைக்கு முன்னால் தேடினேன், காணோம். மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் நிற்கிறது, அம்மா போல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு மண்ணை நிரப்பிக் கற்பூரவல்லி வைத்திருக்கிறாள். "அடியில ஓட்ட இருக்குடா, தண்ணி நிக்காது, வேர் அழுகாது" என்றாள். 'முதல் பரிசு' ஸ்டிக்கரில் 'பரிசு' மட்டும் மிச்சம் இருக்கிறது.