மதுரை உபுண்டுவைச் சென்னையிலிருந்து இயக்கியது

மதுரை வீட்டில் இருக்கும் மேசைக் கணினியில் உபுண்டு 22.04. சென்னையில் என் கையில் இருப்பது விண்டோஸ் லேப்டாப். எஸ்எஸ்ஹெச் (தூரத்துக் கணினியைக் கட்டளை அடித்து இயக்கும் முறை) வழியாக உள்ளே போவது முன்பே பழக்கம்தான். ஆனால் ஸ்கிரைபஸில் பக்கம் அமைக்கும் வேலைக்குக் கறுப்பு டெர்மினல் உதவாது, திரையே வேண்டும். விண்டோஸில் ரிமோட் டெஸ்க்டாப் நிரல் ஏற்கெனவே இருப்பதால், அது பேசும் ஆர்டிபி என்ற நெறிமுறை வழியிலேயே போகலாம் என்று முடிவு செய்தேன்.

உபுண்டுவின் செட்டிங்ஸில் ஷேரிங் பகுதிக்குள்ளேயே ரிமோட் டெஸ்க்டாப் இருக்கிறது. ஊருக்குப் போயிருந்தபோது அதை ஆன் செய்து, அதே வைஃபையில் லேப்டாப்பிலிருந்து பார்த்தேன். உடனே வந்தது. சிக்கல் கரண்ட் கட்டில் தெரிந்தது. கரண்ட் வந்ததும் கணினி தானாக எழும்படி பயாஸில் வைத்திருந்தேன். எழுந்தது, ஆனால் லாக்-இன் பக்கத்தில் நின்றுவிட்டது. 22.04இல் இந்த வசதி, ஏற்கெனவே லாக்-இன் ஆகியிருக்கும் திரையைத்தான் பகிர்கிறது. உள்ளே யாரும் இல்லையென்றால் பகிர எதுவும் இல்லை. திரை பூட்டிக்கொண்டாலும் அதே கதைதான். ஆட்டோ லாக்-இன் வைத்தால் சரியாகிவிடும் என்று பார்த்தால், பாஸ்வேர்டு அடிக்காததால் கீரிங் (பாஸ்வேர்டுகளைச் சேமிக்கும் பெட்டகம்) பூட்டியே கிடக்கிறது. ஆர்டிபி பாஸ்வேர்டு இருப்பதோ அதற்குள்ளே.

சரி, எக்ஸ்ஆர்டிபி என்ற தனி ஆர்டிபி சர்வரைப் போடலாம் என்று அந்த வசதியை ஆஃப் செய்தேன். இரண்டும் 3389 போர்ட்டையே கேட்கும், ஒன்றாக ஓடவிடக் கூடாது. நிறுவுவது ஆப்ட் கட்டளையில் ஒரே வரி. சென்னைக்குத் திரும்பியபின் இணைத்தால் எக்ஸ்ஆர்டிபியின் லாக்-இன் பெட்டி வந்தது. பாஸ்வேர்டு கொடுத்தேன். திரை கறுத்தது, இரண்டு நொடியில் இணைப்பே அறுந்தது. மறுபடி அடித்தாலும் அப்படியே.

இந்த இடத்தில் பெரும்பாலானோர் ஃபயர்வாலை நோண்டப் போவார்கள். லாக்-இன் பெட்டி தெரிகிறது என்றாலே நெட்வொர்க்கில் குறை இல்லை. பாஸ்வேர்டு தப்பு என்றால் அந்தப் பெட்டியே சொல்லிவிடும். மிச்சம் இருப்பது செஷன், அதாவது லாக்-இன் ஆனதும் தொடங்க வேண்டிய டெஸ்க்டாப், மட்டும்தான். வார்-லாக் கோப்புறையில், செஷன்களைக் கவனிக்கும் செஸ்மேன் பெயரில் ஒரு லாக் (பதிவுக் கோப்பு) இருக்கிறது. எஸ்எஸ்ஹெச்சில் போய் அதைத் திறந்தால் கடைசி வரிகளில் விஷயம் இருந்தது: விண்டோ மேனேஜர் தொடங்கிய உடனேயே முடிந்துவிட்டது, அமைப்பில் கோளாறு இருக்கலாம். தம்பிக்கு போன் போட்டேன்.

“அண்ணே, இங்க உங்க டெஸ்க்டாப் ஓப்பன்லதான் கிடக்கு.”

“அதை லாக்-அவுட் பண்ணிருடா.”

பண்ணினான், இங்கே திரை வந்துவிட்டது. ஆட்டோ லாக்-இன் அப்படியே ஆனில் இருந்திருக்கிறது. எக்ஸ்ஆர்டிபி பழைய திரையைப் பகிர்வதில்லை, புதிதாக ஒரு செஷனைத் தொடங்குகிறது. உபுண்டுவின் டெஸ்க்டாப்பான க்னோமில் ஒரே பயனருக்கு இரண்டு செஷன் ஒத்துவராது. ஆக, முதல் வழிக்கு மேசையில் லாக்-இன் ஆகியிருக்க வேண்டும். இரண்டாவது வழிக்கு ஆகியிருக்கவே கூடாது. கரண்ட் கட் உள்ள வீட்டுக்கு இரண்டாவதுதான் பொருத்தம். ஆட்டோ லாக்-இன்னை எடுத்துவிட்டேன்.

க்னோம் தூரத்தில் இழுவையாக இருந்ததால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்பை நிறுவி, ஹோமில் டாட் எக்ஸ்செஷன் என்ற கோப்பில் அதைத் தொடங்கும் வரியை எழுதினேன். வேகம் நன்றாகவே கூடியது. ஒவ்வொரு முறையும் கலர் டிவைஸ் உருவாக்க அட்மின் பாஸ்வேர்டு கேட்டது மட்டும் எரிச்சல். கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் அதைக் கேட்பதில்லை, தூரத்திலிருந்து வருபவரிடம்தான் கேட்கும். அனுமதிகளைத் தீர்மானிக்கும் போல்கிட்டில், நிற அமைப்பைக் கவனிக்கும் கலர்டி சேவைக்கு விலக்கு எழுதியதும் நின்றது.

வீட்டுக்கு வெளியிலிருந்து வருவதைப் பற்றிச் சொல்லவில்லையே. எங்கள் ரவுட்டரின் வான் (WAN, வெளிப்பக்க) முகவரி 100.64 வரிசையில் இருந்தது. அதாவது நெட் நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பங்கு போட்டுக் கொடுக்கிறது. அங்கே போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டர் உள்ளே திருப்பிவிடுவது) பலிக்காது. பலித்தாலும் 3389ஐ இணையத்துக்குத் திறந்துவிடச் சொல்ல மாட்டேன், கதவைத் தட்டிப் பார்க்கும் பாட்கள் ஓய்வதே இல்லை. ஊரில் இருக்கும்போதே இரண்டு கணினியிலும் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் (தனிப்பட்ட இணைப்பு) நிரலைப் போட்டுவிட்டேன். எஸ்எஸ்ஹெச், ஆர்டிபி இரண்டையும் அந்த இணைப்பில் வருபவர்களுக்கு மட்டும் உபுண்டுவின் ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூவில் அனுமதித்திருக்கிறேன். வேடிக்கை, டெயில்ஸ்கேல் தருவதும் அதே 100.64 வரிசை முகவரிதான். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் தமிழ்99 விசைப்பலகை. எக்ஸ்ஆர்டிபி செஷனில், தமிழ் உள்ளீட்டைக் கவனிக்கும் ஐபஸ் தானாகத் தொடங்கவில்லை, எதை அடித்தாலும் ஆங்கிலம். அதே எக்ஸ்செஷன் கோப்பில் எக்ஸ்எஃப்சிஇ வரிக்கு முன்னால் ஐபஸ் டீமனை (பின்னணியில் ஓடும் நிரல்) தொடங்கும் வரியையும், இன்புட் மெத்தட் ஐபஸ் என்று சொல்லும் வரிகளையும் சேர்த்ததும் தமிழ் வந்தது. எக்ஸ்எஃப்சிஇ வரிக்குக் கீழே எழுதினால் பயன் இல்லை. செஷன் முடியும்வரை கீழ்வரிகள் ஓடாது.

ஒலி இன்னும் வரவில்லை. 22.04இல் அதற்கான பல்ஸ்ஆடியோ மாட்யூலை நாமே கம்பைல் செய்ய வேண்டும். பக்கம் அமைக்கும் வேலைக்குப் பாட்டு எதற்கு என்று விட்டுவிட்டேன்.