இதயம் தனக்கென எடுத்துக்கொள்ளும் ரத்தம்

நான்கு அறைகளிலும் ரத்தம் நிரம்பி நிற்கும் ஓர் உறுப்புக்கு வெளியிலிருந்து தனியாக ரத்தக் குழாய் எதற்கு என்று, குடியாத்தத்தில் நான் விலங்கியல் நடத்திய ஆண்டுகளில் மாணவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பாடத்தில் அதைவிடச் சிறந்த கேள்வி இல்லை என்பது என் கருத்து. மாரடைப்பு என்ற சொல் வீட்டுக்கு வீடு கேட்கும் இந்நாளில், ரத்தம் செல்லும் வழியை அம்புக்குறிகளோடு மனப்பாடம் செய்துவிட்டு இந்தக் கேள்வியைத் தாண்டிப் போவது சரியல்ல.

வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடலைச் சுற்றி வந்த ரத்தம் வலது ஆரிக்கிள் என்னும் மேல் அறைக்கு வந்து, அதன் கீழுள்ள அறையான வலது வென்ட்ரிக்கிளிலிருந்து நுரையீரலுக்குச் சென்று, ஆக்சிஜனை ஏற்றுக்கொண்டு இடது பக்கம் திரும்புகிறது. அங்கிருந்து இடது வென்ட்ரிக்கிள் அதை, உடலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் பெருந்தமனிக்குள் தள்ளுகிறது. ஓய்வாக இருக்கும் ஒருவருக்கு ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு 5 லிட்டர் என்று கணக்கிட்டால், ஒரு நாளைக்கு 7,000 லிட்டருக்கு மேல் ஆகிறது. சுமார் 300 கிராம் எடையுள்ள தசை இதை இரவும் பகலும் செய்கிறது.

இதை விளக்க நான் வகுப்புக்கு ஆட்டு இதயம் கொண்டுபோவது வழக்கம். கறிக்கடையில், "பாய், மேலே இருக்கிற குழாயை வெட்டிவிடாமல் அப்படியே கொடுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். இல்லையென்றால் பார்க்க வேண்டிய இடமே போய்விடும். பெருந்தமனியை நீளவாக்கில் கத்தரித்து விரித்தால், அடியில் பை போன்ற மூன்று வால்வு இதழ்கள் தெரியும். இதழை விரல் நுனியால் மெல்ல ஒதுக்கிப் பார்த்தால், குழாயின் சுவரில் சிறு துளைகள் இரண்டு இருக்கும். அவைதாம் இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுவரும் கரோனரி தமனிகளின் வாய்கள். துடைப்பக் குச்சி ஒன்றை உள்ளே செலுத்தினால், அது இதயத்தின் மேற்பரப்பில் கொழுப்புப் படலத்துக்கு அடியில் ஓடுவதைப் பிள்ளைகளே தொட்டுப் பார்க்கலாம். இதயம் வெளியே அனுப்பும் ரத்தத்திலிருந்து பிரியும் முதல் கிளையே அதற்கு உரியது.

இடது வென்ட்ரிக்கிளின் சுவரை வெட்டிப் பார்த்தால் அந்தப் பழைய கேள்விக்கு விடை கிடைத்துவிடும். மனிதருக்கு அந்தச் சுவரின் தடிமன் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். உள்ளே நிற்கும் ரத்தத்திலிருந்து ஆக்சிஜன் ஊறிச் செல்லக்கூடியது மிக மெல்லிய உட்படலத்துக்கு மட்டுமே. மீதித் தசை முழுவதற்கும் வெளியிலிருந்து நுழையும் நுண்குழாய்களே வழி. நம் பக்கத்து ஏரிப் பாசனத்தில் மதகுக்கு அருகில் உள்ள வயல் நனைந்த பிறகே கடைமடைக்குத் தண்ணீர் போவதுபோல, இங்கே ரத்தக் குழியை ஒட்டிய உள்ளடுக்குத்தான் கடைமடை. வரத்து குறைந்தால் முதலில் வாடுவதும் அதுவே.

இன்னொரு சிக்கலும் உண்டு, எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் வியப்பளிப்பது அதுதான். வென்ட்ரிக்கிள் சுருங்கும்போது உடலெங்கும் ரத்தம் பாய்கிறது. ஆனால் அதே சுருக்கம், அந்தச் சுவருக்குள் ஓடும் குழாய்களையும் நெரித்துவிடுகிறது. ஆகவே இடது வென்ட்ரிக்கிள் தனக்கான ரத்தத்தில் பெரும்பகுதியைத் தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் பெறுகிறது. நாடி நிமிடத்துக்கு 75 என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 விநாடி, அதில் சுருக்கம் ஏறக்குறைய 0.3, தளர்ச்சி 0.5. நாடி 200-ஐத் தொட்டால் தளர்ச்சி நேரம் 0.14 விநாடி அளவுக்குக் குறுகிவிடும். வேலை கூடும்போது, ரத்தம் பெறும் நேரம் குறைகிறது.

உடல் எடையில் நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லாத இதயம், தான் அனுப்பும் ரத்தத்தில் ஏறத்தாழ 5 விழுக்காட்டை, அதாவது நிமிடத்துக்குக் கால் லிட்டர் அளவில், தனக்கென வைத்துக்கொள்கிறது. உடல் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், ரத்தம் சுமந்து வரும் ஆக்சிஜனில் ஓய்வு நேரத்தில் கால்பங்கே செலவாகிறது. இதயத் தசையோ அப்போதே எழுபது விழுக்காட்டுக்கும் மேல் உறிஞ்சிவிடுகிறது. எனவே கூடுதல் ஆக்சிஜன் வேண்டுமென்றால், கூடுதல் ரத்தம் வந்தாக வேண்டும். வேறு சேமிப்பு ஏதும் இல்லை. ஆரோக்கியமான கரோனரி தமனிகள் தேவைக்கேற்ப விரிந்து நான்கைந்து மடங்கு ரத்தத்தைக் கொண்டுவரும். உட்சுவரில் கொழுப்புப் படிந்து குறுகிய குழாயால் அது முடியாது.

சோளிங்கர் பெரிய மலைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஏறும்போது நெஞ்சு இறுகி, மண்டபத்தில் உட்கார்ந்ததும் சரியாகிவிட்டால், அதை வாய்வுப் பிடிப்பு என்று சொல்லி ஒரு கோலி சோடா குடித்துவிட்டு மேலே ஏறுபவர்களை நான் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் பதறியிருக்கிறேன். நடந்தால் வந்து நின்றால் விடும் இறுக்கம், குறுகிய தமனி காட்டும் அடையாளமாக இருக்கலாம். மலையிறங்கியதும் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். உட்கார்ந்தும் விடாத வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வையோடு வரும் வலி ஆகியவற்றுக்கு உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

இத்தகைய வலிக்குச் சிகிச்சை பெறுபவர்களில் சிலர், "எனக்குத்தான் பி.பி. இல்லையே, பிறகு எதற்கு இந்த மாத்திரை?" என்று பீட்டா பிளாக்கரைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். அது ரத்த அழுத்தத்துக்கு மட்டும் உரிய மருந்தன்று. நாடியைத் தணித்து, தசையின் ஆக்சிஜன் செலவைக் குறைத்து, ஒவ்வொரு துடிப்புக்கும் பின் வரும் தளர்ச்சி நேரத்தையும் நீட்டித்துத் தருகிறது; குறுகிய குழாயின் வழியாகவும் கடைமடை வரை ரத்தம் போய்ச் சேர அந்த நேரம் வேண்டும். திடீரென்று நிறுத்தினால் வலி முன்னைவிடக் கடுமையாகத் திரும்பக்கூடும் என்பதால், குறைப்பதானாலும் நிறுத்துவதானாலும் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும்.