சிவப்பு எண்ணைக் கண்டு அலற வேண்டாம்

ஸ்டெல்லாரிஸ் என்ற கணினி விளையாட்டை ஆட உட்காருகிற எல்லோருக்கும் முதலில் வருகிற வியாதி ஒன்று உண்டு. திரையின் மேலே வரிசையாக நிற்கும் எண்கள் எல்லாமே எப்போதும் பச்சையாகவே இருக்க வேண்டும் என்ற ஆசை. எனர்ஜி பிளஸ், மினரல் பிளஸ், உணவு பிளஸ். ஏதாவது ஒன்று மைனஸுக்குப் போய்ச் சிவப்பாகத் தெரிந்துவிட்டால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, ஆராய்ச்சிக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நாலு பேரை இழுத்துக்கொண்டு போய் வயலிலோ சுரங்கத்திலோ தள்ளி, எண் பச்சையானதும்தான் மூச்சு விடுவார்கள். நான் இதற்கு நேர் எதிர்க்கட்சி. கையிருப்பில் 2,000 மினரல் இருந்து மாதம் 20 குறைந்துகொண்டே போனால் 100 மாதம் தாங்கும், எட்டு வருஷத்துக்கும் மேல். அந்த எட்டு வருஷமும் சுரங்கத்துக்குப் போகாத அந்த ஆட்கள் வேறு என்ன செய்யப்போகிறார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

தெரியாதவர்களுக்கு: ஸ்வீடன் நிறுவனமான பாரடாக்ஸ் 2016 மே மாதம் வெளியிட்ட விண்வெளிப் பேரரசு ஆட்டம் இது. ஆட்டம் 2200-ம் வருஷம் தொடங்கும், கையில் ஒரே ஒரு கிரகம், மூன்று கார்வெட் (சின்னப் போர்க்கப்பல்), ஒரு ஆராய்ச்சிக் கப்பல், ஒரு கட்டுமானக் கப்பல், அவ்வளவுதான். மாதம் பிறந்தால் வரவு செலவு தானாகக் கணக்காகும். ஆட்டம் வெளிவந்த புதிதில் மினரல் இருந்தால் போதும், கட்டடம் கப்பல் எல்லாம் அதிலேயே முடிந்துவிடும். 2018 டிசம்பரில் வந்த 2.2 பதிப்பில்தான் அலாய் (கப்பல் கட்டும் உலோகக் கலவை), கன்ஸ்யூமர் குட்ஸ் (மக்கள் நுகரும் பொருள்) என்று நடுவில் ஒரு படியைப் புகுத்தி மொத்தத்தையும் மாற்றினார்கள். அதற்குப் பிறகும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், 2025-ல் வந்த 4.0 மறுபடியும் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டது. என் மடிக்கணினி வயசான மடிக்கணினி, நான் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடை வழியாகப் பழைய பதிப்புக்கே திரும்பிப் போய் ஆடுகிறவன், அதனால் கீழே வரும் எண்கள் எல்லாம் 4.0-க்கு முந்தைய கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். சுரங்கத்தில் ஒரு ஆள் மாதம் 4 மினரல் எடுப்பான். அலாய் உலையில் நிற்கும் ஒரு ஆள் 6 மினரலை விழுங்கி 3 அலாய் தருவான். ஆக, உலையில் இரண்டு பேரை நிறுத்தினால் அவர்களுக்குத் தீனி போடவே சுரங்கத்தில் மூன்று பேர் வேண்டும். ஆராய்ச்சியாளர் ஒருவர் மாதம் 2 கன்ஸ்யூமர் குட்ஸ் சாப்பிடுவார், அந்தக் குட்ஸைச் செய்பவன் 6 மினரலுக்கு 6 தருவான், அதாவது மூன்று ஆராய்ச்சியாளருக்கு ஒரு கைவினைஞன், அவனுக்கு ஒன்றரை சுரங்கத்தான். இந்தச் சங்கிலியை மனசில் ஏற்றிக்கொண்டால் ஒன்று புரியும். இந்த ஆட்டத்தில் பற்றாக்குறையான பொருள் மினரலும் இல்லை, எனர்ஜியும் இல்லை, ஆள்தான். மற்றதெல்லாம் சந்தையில் கிடைக்கும். ஆள் தன்பாட்டுக்கு மெதுவாகப் பிறந்து வளர்ந்தால்தான் உண்டு. (அடிமைச் சந்தை என்று ஒன்று இருக்கிறது, அந்தப் பக்கம் போக எனக்குப் பிடிக்காது.) அவசரத்துக்கு இருக்கட்டும் என்று சுரங்கத்தில் நிறுத்தி வைத்திருக்கும் ஒவ்வொரு ஆளும் ஆராய்ச்சிக்குப் போகாத ஆள்.

சந்தை என்றதும் பலர் பயப்படுகிறார்கள், 30 சதவீதம் கமிஷன் பிடிக்கிறானே என்று. பிடிக்கட்டும். எனர்ஜிதான் அங்கே பணம். ஆரம்ப விலையில் ஒரு மினரல் ஒரு எனர்ஜி, ஒரு அலாய் 4 எனர்ஜி. கமிஷனோடு சேர்த்தால் 3 அலாய் வாங்க 15.6 எனர்ஜி ஆகும். அதே 3 அலாயைச் செய்யத் தேவையான 6 மினரலை வாங்க 7.8 போதும், பாதி விலை. அப்படியானால் அலாயை வாங்குகிறவன் ஏமாளி, மினரலை வாங்கித் தன் உலையில் போடுகிறவன் கெட்டிக்காரன். இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. மின்நிலையத்தில் வேலை செய்யும் ஒரு ஆள் மாதம் 6 எனர்ஜி தருவான், அந்த 6-க்கு நாலரை மினரலுக்கு மேலேயே வாங்கலாம். சுரங்கத்தில் இறங்கியிருந்தால் அவனே 4 தான் எடுத்திருப்பான்! ஆனால் இது விலை ஏறாத வரைக்கும்தான், ஒரேயடியாக 1,000 மினரல் வாங்கப் போனால் விலை கண்முன்னே ஏறும், விற்கப் போனால் இறங்கும், அப்புறம் பல மாதம் கழித்துத்தான் பழைய இடத்துக்கு வரும். மாதாமாதம் இவ்வளவு வாங்கு என்று சின்ன அளவில் நிரந்தர உத்தரவு போட்டு வைக்கும் வசதி இருக்கிறது. நான் மினரல் சிவப்பை எல்லாம் அதில்தான் ஓட்டுகிறேன்.

பாவூர்சத்திரத்தில் ஒரு காய்கறிக் கமிஷன் கடையில் கணக்கு எழுதுவதுதான் எனக்குப் பகல் வேலை. புளியரை வழியாகக் கேரளாவுக்கு லோடு ஏற்றுகிற கடை. ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் எங்கள் கணக்குப் புத்தகத்தைப் புதுசாக ஒருத்தர் பார்த்தால் கடை மூழ்கப்போகிறது என்றுதான் நினைப்பார். விவசாயிக்கு அன்றன்றைக்குப் பணம் போகிறது, லாரி வாடகை போகிறது, அந்தப் பக்கத்து வியாபாரியிடமிருந்து வரவேண்டியது பண்டிகை முடிந்துதான் வரும். முதலாளி அசையவே மாட்டார், பணம் எந்த வாரம் திரும்பும் என்று அவருக்குத் தெரியும். அவர் முகம் மாறுகிற ஒரே சமயம் லோடு போகாமல் தக்காளி கூடை கூடையாகக் கடையிலேயே தங்கிவிட்டால்தான். ஸ்டெல்லாரிஸிலும் கிடங்கு நிரம்பிய பிறகு வருகிறதெல்லாம் வீண், கொஞ்சம் கூடச் சேராது. கிடங்கு நிறைய மினரல் வைத்திருக்கிறேன் என்று பெருமைப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எங்கள் முதலாளியின் அந்த முகம்தான் ஞாபகம் வரும்.

அப்படிப் பெருமைப்படுகிறவன் ஒருத்தன் என் சொந்தத்திலேயே இருக்கிறான். மாமா மகன், புனலூரில் இருக்கிறான், செங்கோட்டையிலிருந்து நானும் அங்கிருந்து அவனும் சேர்ந்து ஆடுவோம். சாரல் காலத்தில் மலைக்கு இந்தப் பக்கம் கரண்ட் போகும், அந்தப் பக்கம் நெட் போகும், இரண்டும் ஒழுங்காக இருக்கிற ராத்திரி வாய்த்தால் ஆட்டம். போன ஆட்டத்தில் எங்கள் இரண்டு பேரரசும் பக்கத்துப் பக்கத்தில். நடுவில் ஒரு நட்சத்திரத்துக்கு இரண்டு பேரும் அடித்துக்கொண்டோம், கடைசியில் அவன் முந்திக்கொண்டு அவுட்போஸ்ட் (நட்சத்திரத்தைச் சொந்தமாக்கும் சாவடி) கட்டிவிட்டான். எல்லை நகர்வது எங்கள் ஊருக்குப் புதுசு இல்லை, 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது, அதனால் விட்டுக்கொடுத்தேன்.

2240 வாக்கில் அவன் கிடங்கில் 12,000 மினரல். அலாய் வரவு மாதத்துக்கு ஒற்றை இலக்கம். அவனுக்கு மறுபக்கம் இருந்ததோ வேற்றினம் என்று எதையும் உயிரோடு விடாத ஃபெனட்டிக் பியூரிஃபையர் கூட்டம், அவர்களோடு பேச்சுவார்த்தைக்கே வழி கிடையாது.

"டேய், அந்த மினரலை உலையில போடுடா, பக்கத்துல யாரு இருக்கான் பாத்தியா" என்றேன்.

"குழப்பமில்ல அத்தான். சண்டை வந்தா மொத்தத்தையும் வித்து அலாய் வாங்கிருவேன்."

சண்டை வந்தது. விற்கப் போனான். முதல் ஆயிரத்துக்குச் சுமாரான விலை, அடுத்த ஆயிரத்துக்கு அதைவிடக் குறைவு, அதற்கடுத்தது இன்னும் மோசம். கிடைத்த எனர்ஜியில் அலாய் வாங்கினால் அங்கே விலை எதிர்ப்பக்கம் ஏறிக்கொண்டே போகிறது. இரண்டு பக்கமும் 30 சதவீதம் கமிஷன் வேறு. "அத்தான், நான் விக்க விக்க விலை விழுது, வாங்க வாங்க ஏறுது, இதென்ன அநியாயம்" என்று ஹெட்செட்டில் ஒரே புலம்பல். சரி, எப்படியோ கொஞ்சம் அலாய் சேர்ந்தது. கப்பல் கட்டுமிடம் அவனிடம் இரண்டுதான் இருந்தது. ஒரு கார்வெட் கட்ட 60 நாள். இரண்டு மாதத்துக்கு இரண்டு கப்பல் வீதம் அவன் இறக்கிக்கொண்டிருக்க, எதிரி ஒரு கூட்டமாக வந்து நின்றான். நான் வாங்கல் விற்றல் ஒப்பந்தத்தில் என் அலாயை அவனுக்குத் தள்ளிவிட்டு, அவனிடமிருந்து மாதாமாதம் மினரல் வாங்கிக்கொண்டேன். அந்த மினரல் நேராக என் உலைக்குப் போனது. அவன் இரண்டு காலனியை இழந்தான், அந்த நட்சத்திரத்தையும் இழந்தான், நான் எதுவும் சொல்லவில்லை.

சண்டை அறிவித்த பிறகு பொருளாதாரத்தை மாற்ற முடியாது என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கேயும் பார்த்ததில்லை. ஒரு கிரகத்தை முழுக்க அலாய்க்கு என்று ஃபோர்ஜ் வேர்ல்டு ஆக்கினால் அங்கே இருக்கிற தொழில் மாவட்டங்களில் கைவினைஞன் வேலையும் உலை வேலையாக மாறும், ஆனால் அதற்கு முன்னாலேயே அந்த மாவட்டங்களைக் கட்டியிருக்க வேண்டும், ஆள் நிரம்பியிருக்க வேண்டும். எகனாமிக் பாலிசியை ராணுவத்துக்குச் சாதகமாகத் திருப்பினால் அலாய் கூடி கன்ஸ்யூமர் குட்ஸ் குறையும், ஒருமுறை திருப்பிவிட்டால் பத்து வருஷத்துக்குத் தொட முடியாது. பக்கத்து நாட்டுக்காரன் என்னை எப்படிப் பார்க்கிறான் என்று நான் அடிக்கடி போய்ப் பார்ப்பேன், ஃப்ளீட், பொருளாதாரம், தொழில்நுட்பம் மூன்றிலும் யார் மேலே யார் கீழே என்று அங்கே போட்டிருக்கும். ஃப்ளீட்டில் நான் ரொம்பக் கீழே என்று காட்ட ஆரம்பித்தால் கம்ப்யூட்டருக்கும் அது தெரியும், அவன் வரப்போகிறான் என்று அர்த்தம்.

அதற்காகக் கப்பலாகக் கட்டிக் குவிக்கவும் கூடாது. கப்பல் சும்மா நின்றாலும் எனர்ஜியும் அலாயும் தின்னும், கடற்படை வரம்பைத் தாண்டினால் இன்னும் அதிகமாகத் தின்னும். என் வழி: வழித்தடங்கள் வந்து சேருகிற ஒரு குறுகலான நட்சத்திரத்தைப் பார்த்து அங்கே ஸ்டார்பேஸ் என்ற விண்வெளிக் கோட்டையைப் பெரிசாக்கி, எதிரிக் கப்பலைத் தாண்டவிடாத எஃப்டிஎல் தடுப்பு வைத்துவிடுவது. 2018 பிப்ரவரியில் வந்த 2.0-க்குப் பிறகு எல்லோரும் பெரும்பாலும் நட்சத்திரங்களை இணைக்கும் ஹைப்பர்லேன் பாதை வழியாகத்தான் போக முடியும், அதனால் அந்த ஸ்டார்பேஸ் விழாமல் எதிரி தாண்ட முடியாது, வந்த வழியே வேண்டுமானால் திரும்பலாம். கப்பல்களை க்ரூ குவார்ட்டர்ஸ் (கப்பல் ஆட்கள் தங்குமிடம்) கட்டிய ஸ்டார்பேஸில் கட்டிப்போட்டால் பராமரிப்பும் குறையும்.

எல்லாச் சிவப்பும் ஒன்று இல்லை, இதையும் சொல்லிவிட வேண்டும். மினரல், உணவு இரண்டும் சிவப்பில் ஓடலாம், எனக்குக் கவலையே கிடையாது. சந்தையில் எனர்ஜிதான் பணம், அது ரொம்ப நாள் சிவப்பில் இருந்தால் மற்ற ஓட்டையை அடைக்கவும் வழியில்லாமல் போகும். கன்ஸ்யூமர் குட்ஸ் விஷயத்தில் நான் கோழை, 500-க்குக் கீழே போனாலே கை நடுங்கும். எதுவாக இருந்தாலும் கையிருப்பு பூஜ்யத்தைத் தொட்டுவிட்டால் பேரரசு முழுக்க அடிவாங்கும், அந்த இடத்துக்குப் போகவே கூடாது.

இன்ஃப்ளுயன்ஸ் (பேரரசின் செல்வாக்கு) மட்டும் தனி ரகம். சந்தையில் கிடைக்காது, 1,000-க்கு மேல் சேராது. ஒரு அவுட்போஸ்ட்டுக்கு அடிப்படையே 75 இன்ஃப்ளுயன்ஸும் 100 அலாயும், தூரமாக இருந்தால் இன்ஃப்ளுயன்ஸ் இன்னும் கூடும். மாதம் 3 வருகிறது என்றால் ஒரு அவுட்போஸ்ட்டுக்கு 25 மாதம். முதல் முப்பது வருஷம் எந்த நட்சத்திரத்தைப் பிடிப்பது என்பதை மினரலைப் பார்த்து முடிவு செய்கிறவர்கள் நிறையப் பேர். நான் வாசலைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன், குறுகலான வழியை முதலில் அடைத்துவிட்டால் உள்ளே இருப்பதை நிதானமாக எடுக்கலாம், வேறு யார் வரப்போகிறார்கள். காலனிக் கப்பலுக்கு 200 அலாய், 200 உணவு, 200 கன்ஸ்யூமர் குட்ஸ் போவதால் அலாய்க்கு எப்போதும் இரண்டு பக்கமும் இழுபறிதான், அதில் நான் முதல் இரண்டு காலனிக்கு முன்னுரிமை கொடுப்பேன், ஆள் பெருக வேண்டுமே.

2400-க்கு மேல் வருகிற பெரிய நெருக்கடிகளைப் பற்றி எழுத எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. பிரெதோரின் வந்தாலும் அன்பிடன் வந்தாலும் கன்டின்ஜென்சி வந்தாலும் அதுவரைக்கும் உலை ஒழுங்காக எரிந்திருந்தால் சமாளிக்கலாம். என் கணினி அந்தக் காலகட்டத்தில் ஒரு மாதத்தை நகர்த்த எடுத்துக்கொள்ளும் நேரத்தில் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்துவிடலாம்.

மாமா மகன் அடுத்த ஆட்டத்துக்கு ஹைவ் மைண்டு (எல்லா ஆளும் ஒரே மனசாக இயங்கும் இனம்) எடுக்கப் போகிறானாம். அதற்குக் கன்ஸ்யூமர் குட்ஸ் வேண்டியதில்லை, அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியே இல்லாமல் போகும், மினரல் முழுக்க அலாய்க்குப் போகலாம். போகுமா, மறுபடியும் கிடங்கில் குவியுமா என்று பார்க்க வேண்டும். நான் அவனுக்குப் பக்கத்தில் இடம் கேட்டிருக்கிறேன்.