சூரியன் இல்லாத வெளிச்சப் பெட்டி: முதலாம் நாள் முடிந்தது, நட்சத்திரம்தான் மல்லுக்கட்டுகிறது

வேதாகமம் சொல்லும் ஆறு நாள் படைப்பை வெளிச்சத்தாலும் வெட்டிய அட்டைகளாலும் காட்டும் பெட்டி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். அதில் முதலாம் நாள் ஒருவழியாகப் பிடிபட்டுவிட்டது. பெட்டியை எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும், பிள்ளைகள் மாதிரி தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாலும், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பல்பு தெரியவில்லை, புள்ளி தெரியவில்லை, ஓரம் பளிச்சென்றும் நடு மங்கலாகவும் இல்லை. இதற்காகப் பட்ட பாட்டை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஆதியாகமம் முதல் அதிகாரத்தைப் பெட்டிக்குள் கொண்டுவர நினைக்கிற எவருக்கும் முதல் முட்டுக்கட்டை இதுதான். "வெளிச்சம் உண்டாகக்கடவது" என்பது முதல் நாள். சூரியனும் சந்திரனும் வருவது நாலாம் நாள். அதற்கு முந்திய மூன்று நாளும் வெளிச்சம் இருக்கிறது, ஆனால் அதற்கு முகவரி இல்லை. ஞாயிறு பாடசாலைகளில் நான் பார்த்த பெட்டிகளில் எல்லாம் முதல் நாளுக்கு நடுவில் ஒரு மஞ்சள் பல்பு எரியும், நாலாம் நாளுக்கு அதைவிடப் பெரிய மஞ்சள் பல்பு எரியும். அதைப் பார்க்கிற பிள்ளை, முதல் நாளே சூரியன் வந்துவிட்டதாகத்தானே நினைக்கும்?

பெட்டி பழைய தேயிலைப் பெட்டி. இப்போது தூள் எல்லாம் கடதாசிப் பையில் போவதால் பலகைப் பெட்டி கிடைப்பதே அருமை. ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை செய்த மச்சான் வீட்டுப் பரணில் ஒன்று வெங்காயம் போட்டு வைத்தபடி கிடந்தது. ஓரத்தகடு அப்படியே இருக்கிறது, பலகை மெல்லியது, ஆனால் வளையவில்லை. உங்களுக்கும் கிடைத்தால் ஒரு விஷயம்: மிகப் பழைய பெட்டிகளில் உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருப்பார்கள், பிந்தியவற்றில் அலுமினியம். எதுவென்று நிச்சயமில்லாவிட்டால் கையுறை போட்டு உரியுங்கள், அரத்தாள் போட்டுத் தேய்க்கவே வேண்டாம்.

அலுமினியமாகவே இருந்தாலும் அதை உரிக்கத்தான் வேண்டும். பளபளப்பாக இருக்கிறது, வெளிச்சத்தை நன்றாகத் திருப்பித் தருமே என்று எல்லோரும் சொல்வார்கள். தரும், ஆனால் கண்ணாடி போலத் தரும். எல்இடி பட்டியில் எத்தனை புள்ளி இருக்கிறதோ அத்தனையும் தாளில் தெரியும். எனாமல் பெயின்ட் அடித்தாலும் இதே கதைதான். வீட்டு உட்கூரைக்கு அடிக்கும் பளபளப்பில்லாத மட் வெள்ளை எமல்ஷன்தான் சரி. அது விழுந்த வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடித்துவிடும். பின்பலகையில் மூலை தெரியக்கூடாது. மூலை இருந்தால் கோடு விழும், கோடு விழுந்தால் கண் உடனே "ஓ, இது பெட்டி" என்று சொல்லிவிடும். அதனால் பிரிஸ்டல் போர்டு என்ற தடித்த அட்டையை மேலிருந்து கீழ்வரை வில்லாக வளைத்து ஒட்டி, அதன்மேல் எமல்ஷன் அடித்தேன்.

பட்டி 12 வோல்ட், மீட்டருக்கு 60 புள்ளி. பெட்டியின் நடுவில் ஒரு மரச்சட்டம் நிற்கிறது. அதன் பின்புறத்தில், நாலு ஓரமும் சுற்றி, பட்டி பின்சுவரைப் பார்த்தபடி ஒட்டியிருக்கிறது. வெளிச்சம் முதலில் பின்னால் போய், வளைந்த வெள்ளையில் மோதி, அப்புறம்தான் முன்னால் வருகிறது. சட்டத்தின் முன்புறம் வெள்ளை டிசு, அதாவது வெளிச்சம் ஊடுருவும் மெல்லிய கடதாசி, இழுத்து ஒட்டியிருக்கிறேன். இலங்கை மலையகத்தில் எங்கள் ஹட்டன் கடைகளில் பட்டி வாங்கினால் இரண்டே நிறம்தான்: ஒன்று மஞ்சள், மற்றது நீலம் தட்டும் வெள்ளை. மஞ்சள் மட்டும் போட்டால் சாயங்கால வெயில் மாதிரி இருக்கிறது, சூரியனே இல்லாத நாளில் சாயங்கால வெயிலா? வெள்ளை மட்டும் போட்டால் ஆஸ்பத்திரி வராந்தா. இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டினால் மட் வெள்ளையில் கலந்து, எந்தப் பக்கமும் சேராத ஒரு நிறம் வருகிறது. அதுதான் வேண்டும்.

சோதனை எளிது. டிசு ஒட்டுவதற்கு முன் பெட்டிக்குள் ஒரு பென்சிலை நிறுத்தி நிழலைப் பாருங்கள். ஒரு பக்கம் நிழல் விழுந்தால் வெளிச்சத்துக்குத் திசை இருக்கிறது என்று அர்த்தம், இன்னும் வேலை பாக்கி. என் பெட்டியில் பென்சிலின் அடியில் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். இது நமக்குப் புதிதில்லை. தென்மேல் பருவத்தில் டிக்கோயாப் பக்கம் பனிமூட்டம் இறங்கினால் நாள் முழுக்க வெளிச்சம் இருக்கும், சூரியன் எங்கே என்று கேட்டால் கை காட்ட முடியாது, நம் காலடியில் நிழலும் இருக்காது. வானத்தில் மிதக்கும் நீர்த்துளிகள் வெளிச்சத்தைச் சிதறடிக்கிற வேலையைத்தான் என் பெட்டிக்குள் எமல்ஷன் செய்கிறது. மூன்றாம் நாளில் சூரியன் இல்லாமலே புல்லும் மரமும் முளைத்தது எப்படி என்று வேறு ஊர்ப் பிள்ளைகள் கேட்கலாம். எங்கள் பிள்ளைகள் கேட்கவில்லை. சூரியனின் முகமே தெரியாத நாட்களிலும் மலை பச்சையாகத்தான் நிற்கிறது, அம்மா கொழுந்துக்குப் போகத்தான் செய்கிறார். 1878இல் கட்டிய டிக்கோயா வார்லி ஆலயத்தின் வர்ணக் கண்ணாடியையும் வெயில் நாளில் பார்ப்பதைவிடப் பனி நாளில் பார்க்கத்தான் எனக்குப் பிடிக்கும். கண்ணாடி முழுக்க ஒரே அளவாக ஒளிரும்.

பக்கத்து லயத்து (தோட்ட வீட்டு வரிசை) மாமா வந்து பார்த்தார். நாலாம் நாள் அட்டையை எடுத்துக் காட்டினேன். "நாம சூரியனுக்குப் பொங்கல் வைக்கிறோம். ஒங்க புத்தகத்துல அவரு நாலாவது நாளுதான் பெரட்டுக்கு வர்றாரா?" என்று கேட்டார். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடுவது. ஆமாம் மாமா, அதிலும் பேர்கூடச் சொல்லவில்லை, பெரிய சுடர், சிறிய சுடர் என்று வேலையை மட்டும் சொல்லியிருக்கிறது என்றேன். சுற்றியிருந்த ஜனங்கள் எல்லாம் சூரியனையும் சந்திரனையும் கும்பிட்ட காலம் அது. இவை கும்பிடுவதற்கில்லை, விளக்குகள், கொடுத்த வேலையைச் செய்கிறவை என்று காட்டத்தான் அப்படி எழுதியிருக்கிறது என்று வேதத்தைப் படித்தவர்கள் சொல்வார்கள். மாமா தலையாட்டிவிட்டு, பெட்டியின் ஓரத்தகடு விலைக்குக் கிடைக்குமா என்று விசாரித்தார்.

சரி, காடி விஷயத்துக்கு வருகிறேன். காடி என்றால் அட்டையைச் செருகப் பலகையில் வெட்டும் பள்ளம். நாளுக்கு ஒரு அட்டை, முன்னால் இருந்து செருகிக்கொண்டே போகலாம் என்பதுதான் எல்லோரும் போடும் திட்டம். அப்படிச் செய்தால் நாலாம் நாள் சூரியன், மூன்றாம் நாள் மலைக்கு முன்னால் வந்து நிற்கும்! சூரியன் மலைக்குப் பின்னால்தான் போக வேண்டும். பறவை ஐந்தாம் நாள், அதுவும் மரத்துக்குப் பின்னால் இருக்கும் வானத்தில் பறக்க வேண்டும். ஆறாம் நாள் மிருகங்களும் மனிதனும் மட்டும்தான் மூன்றாம் நாள் நிலத்தின் மேல் நிற்க வேண்டியவர்கள். தச்சு பாஸோடு உட்கார்ந்து கணக்குப் போட்டால் மூன்று இரட்டைக் காடி போதும் என்று வந்தது. பின்காடியில் ஒன்றும் நாலும்: வெளிச்சம், சுடர்கள். நடுக்காடியில் இரண்டும் ஐந்தும்: ஆகாயவிரிவும் தண்ணீரும், பறவையும் மீனும். முன்காடியில் மூன்றும் ஆறும்: நிலம், நிலத்தில் நடமாடுகிறவை. முதல் மூன்று நாளில் இடம் பிரிக்கப்படுகிறது, அடுத்த மூன்று நாளில் அதே வரிசையில் இடம் நிரப்பப்படுகிறது. இந்த ஜோடியைப் பற்றிப் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன், ஆனால் உளியால் காடி வெட்டும்போதுதான் அது எவ்வளவு கச்சிதம் என்று கைக்குத் தெரிந்தது. பாஸுக்கு வேதம் தெரியாது. "இத எழுதினவரு தச்சு வேல தெரிஞ்சவரு போல" என்றார்.

இரண்டாம் நாளுக்கு மட்டும் "நல்லது என்று கண்டார்" என்ற வரி இல்லை, மூன்றாம் நாளுக்கு அது இரண்டு முறை வருகிறது. தண்ணீர் வேலை மூன்றாம் நாளில்தான் முடிகிறது என்பது ஒரு விளக்கம். என் பெட்டியிலும் நடுக்காடி அட்டை தனியாக நின்றால் ஒன்றும் புரியாது. முன்னால் கரை வந்தபிறகுதான் கீழே இருப்பது கடல் என்று தெரிகிறது.

சூரியனுக்கு வருவோம். சூரியனுக்குத் தனி பல்பு கிடையாது. இதில் நான் பிடிவாதம். நாலாம் நாள் அட்டையில் பகல் பக்கம் டிசுவை அடுக்கடுக்காக ஒட்டி, அதில் வட்டமாக ஒரு ஓட்டை. பின்னால் இருக்கும் முதல் நாள் வெளிச்சமே அந்த ஓட்டை வழியாகப் பிரகாசமாக வருகிறது, சுற்றியிருக்கும் வானம் கொஞ்சம் அடங்கித் தெரிகிறது. 4ஆம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயராக இருந்த பசிலியார் ஆறு நாள் படைப்பைப் பற்றிச் செய்த பிரசங்கங்களில் இதைத்தான் சொல்கிறார்: வெளிச்சம் முன்பே உண்டாயிற்று, சூரியன் அந்த வெளிச்சத்தைச் சுமக்கும் வாகனமாக அப்புறம் ஆயத்தமாயிற்று. உயர்தரம் படிக்கும் மருமகன், விஞ்ஞானத்திலும் முதல் வெளிச்சம் விரிந்து பரவியது பிரபஞ்சம் தோன்றி ஏறக்குறைய 3,80,000 ஆண்டில்தான், நட்சத்திரங்கள் அதற்கு வெகு காலம் பின்னால்தான், அதையும் ஒரு அட்டையில் எழுதி ஒட்டுவோம் என்கிறான். ஒட்டமாட்டேன். அதற்கு வேறு பெட்டி செய்யட்டும், காடி வெட்ட நான் வருகிறேன்.

டிசு அடுக்கும்போது பசையை வட்டத்தின் ஓரத்தில் கொண்டுபோகாதீர்கள். பின்வெளிச்சத்தில் பசை பட்ட இடம் கறையாகத் தெரியும். வெளி ஓரத்தில் மட்டும் ஒட்டுங்கள். எங்கள் ஈரக் காற்றில் டிசு தொய்ந்துபோகும். அதற்கு வழி, ஒட்டும்போதே அதை நனைப்பதுதான். இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கும் போத்தலால் லேசாகத் தெளித்து, ஈரத்தோடு சட்டத்தில் ஒட்டினால், காய்ந்ததும் பறைத்தோல் மாதிரி இறுகிவிடும். வெள்ளை டிசுவில் மட்டும் இதைச் செய்யுங்கள், நிற டிசு சாயம் விடும். டிசு வாங்க நல்ல காலம் பௌத்தர்களின் வெசாக் பண்டிகை. கடதாசி விளக்குக் கூடு கட்டுவதற்காக மே மாதம் ஹட்டன் டவுனில் கடைக்குக் கடை கட்டுக்கட்டாகத் தொங்கும். மற்ற மாதங்களில் கேட்டால் பிரிஸ்டல் போர்டைத்தான் காட்டுவார்கள்.

மங்கலாக்க ஒரு சின்ன டிம்மர் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு நாள் முடிவிலும் "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்று வாசிக்கும்போது குமிழைத் திருகி இறக்கி ஏற்றுவேன். ஏழாம் நாளுக்கு அந்த வரி கிடையாது, அன்றைக்குக் குமிழைத் தொடப்போவதில்லை. முதல் வெளிச்சத்துக்கு மட்டும் டிம்மர் இல்லை, ஒரே சுவிட்ச். சொன்னார், உண்டாயிற்று. நடுவில் மெல்ல மெல்ல ஏற்ற அங்கே இடமில்லை.

இனி மல்லுக்கட்டு. முதல் நாளில் வெளிச்சத்தையும் இருளையும் பிரிக்க வேண்டும். இடது பாதி பகல், வலது பாதி இரவு. கறுப்பு அட்டையை டிசுவோடு ஒட்டினால் நடுவில் சுவர் கட்டியதுபோல ஒரு கோடு. அதே அட்டையை டிசுவுக்குப் பின்னால் ஒரு அங்குலம் தள்ளி நிறுத்தினால், பின்சுவர் முழுக்க வெளிச்சமாக இருப்பதால் நிழலின் ஓரம் தானாகக் கரைந்துவிடுகிறது. இன்னும் தள்ளினால் இன்னும் கரைகிறது. அசல் அந்தி! அன்றைக்கு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆனால் அந்தியைக் கரைத்த அதே தூரம் நட்சத்திரத்தையும் கரைக்கிறது. பின்னால் தள்ளி நிற்கும் கறுப்பு அட்டையில் ஊசியால் ஓட்டை போட்டால், ஒவ்வொரு ஓட்டையும் ஊசித்துளைக் கமராவாக மாறி, வெளிச்சமான பின்சுவரையே டிசுவில் படமாக விழுத்துகிறது. நட்சத்திரத்துக்குப் பதில் மங்கலான பூஞ்சணப் புள்ளிகள். ஊசியைச் சின்னதாக்கினால் புள்ளி சுருங்குவதில்லை, மங்கத்தான் செய்கிறது. ஓட்டைகளை டிசுவை ஒட்டியிருக்கும் நாலாம் நாள் அட்டையிலேயே போடலாம், ஆனால் அதற்குப் பின்னால் கறுப்பு அட்டை மறைத்துக்கொண்டு நிற்பதால் அங்கே வெளிச்சமே போய்ச் சேராது. சந்திரனுக்கும் இதே கதி.

மருமகன் ஒளியிழை போடச் சொல்கிறான், பொம்மை விளக்குகளில் முடி மாதிரி நிற்குமே, அது. போட்டால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அப்போது நட்சத்திரத்துக்கு வேறு பல்பு, சூரியனுக்கு முதல் நாள் வெளிச்சம் என்று ஆகிவிடும், அது எனக்குச் சரிவராது. இப்போது செய்துகொண்டிருப்பது: பின்னால் நிற்கும் கறுப்பு அட்டையில், அந்தி ஓரத்தைத் தொடாமல், வலது பக்கம் மட்டும் பெரிய ஜன்னல் வெட்டி, அதற்குக் கறுப்பு மூடி. முதல் மூன்று நாளும் மூடி இருக்கும். நாலாம் நாள் முன்னால் அட்டையைச் செருகிவிட்டு, பின்னால் நூலை இழுத்தால் மூடி மேலே போகும், வெளிச்சம் நேராக முன் அட்டையின் ஊசி ஓட்டைகளுக்கு வரும். மூடியின் விளிம்பில் இன்னும் வெளிச்சம் கசிகிறது, இரவின் நடுவில் சட்டம் போட்டதுபோல மெல்லிய சதுரம் தெரிகிறது. விளிம்பைச் சுற்றிக் கறுப்பு வெல்வெட் ஒட்டினால் நிற்கும் என்று நினைக்கிறேன். டவுனில் தையற்கடைக்காரர் துண்டு இருந்தால் எடுத்து வைப்பதாகச் சொன்னார். இல்லாவிட்டால் கொழும்பு புறக்கோட்டைக்குப் போகிற யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். அதற்குள் ஐந்தாம் நாள் மீன்களை வெட்டத் தொடங்கிவிட்டேன், செதில் வெட்ட 30 பாகைக் கத்தி வேண்டும், சாதாரணக் கட்டர் நுனி மூலையில் கடதாசியைக் கிழிக்கிறது.