முப்பத்தேழு பைசா பாக்கி

பெட்ரோல் பங்கில் எல்லாரும் "நூறு ரூபாய்க்கு", "இருநூறுக்கு" என்பார்கள். மிஷினில் சூது இருக்கிறது என்று நம்பி, "நூற்றுப்பத்துக்கு" என்று கேட்கும் உஷார் பேர்வழிகளும் உண்டு. கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற என் மாமனார் மட்டும் "ஒரு லிட்டர்" என்பார். பாலை லிட்டரில் வாங்கும்போது பெட்ரோலுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை என்பது அவர் கட்சி.

2023இல் ஒரு நாள் சென்னையில் அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பங்குக்குப் போனேன். "ஜீரோ பார்த்துக்கொள்ளுங்கள் சார்" என்றார் ஊழியர். மாமனார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். எண்கள் ஓடி 1.00இல் நின்றன. தொகை 102.63. மூன்று ஒற்றை ரூபாய்களோடு 103 கொடுத்துவிட்டு, நீட்டிய கையை மடக்காமல் நின்றார்.

"என்ன ஐயா?"

"முப்பத்தேழு பைசா, தம்பி."

ஊழியர் என்னைப் பார்த்தார். நான் காற்றடிக்கும் இடத்தைப் பார்த்தேன். பின்னால் ஹாரன்கள் அலறின.

25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் 2011 ஜூன் இறுதியோடு செல்லாக்காசுகளாகிவிட்டன. மிச்சமிருப்பது 50 பைசா ஒன்றுதான். அதையும் கடைக்காரர்கள் தொடமாட்டார்கள். ஆனால் பெட்ரோல் விலை மட்டும் கடைசிப் பைசா வரை கறாராக இருக்கும். 2017 ஜூன் முதல் தினமும் காலை ஆறு மணிக்கு விலை மாறும் என்றார்கள், இந்த 102.63 என்னவோ 2022 மே மாதத்திலிருந்து நகராமல் உட்கார்ந்திருந்தது.

நிலைமையைச் சமாளிக்க, 103ஐத் திருப்பி வாங்கிக்கொண்டு கைப்பேசியில் 102.63 அனுப்பினேன். கம்பத்தில் தொங்கிய பெட்டி, "நூற்று இரண்டு ரூபாய் அறுபத்து மூன்று பைசா" என்று பங்கு முழுக்கக் கேட்கும்படி அறிவித்தது. வரிசையில் யாரோ கைதட்டினார்கள். மாமனாருக்குத் திருப்தியில்லை. காசு கைமாறாமல் என்ன வியாபாரம்?

வீட்டுக்கு வந்து காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். "மாப்பிள்ளை, ஐம்பது லிட்டர் போட்டால் 5,131 ரூபாய் 50 பைசா. செல்லுபடியாகும் காசிலேயே கொடுத்துவிடலாம். நூறு லிட்டர் என்றால் பைசாவே கிடையாது."

"மாமா, ஸ்கூட்டர் டேங்க் ஐந்து லிட்டர்தான்."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

2024 மார்ச் 15. விடிந்தும் விடியாமல் வாசலில் வந்து நின்றார். விலை குறைந்து 100.75 ஆகியிருந்தது. "நாலு லிட்டர் போட்டால் 403 ரூபாய், மாப்பிள்ளை! சுத்தமான முழு ரூபாய்!" நான்கு நூறு ரூபாய்த் தாள்களும் மூன்று நாணயங்களும் எண்ணிக் கையில் தயாராக இருந்தன.

முந்தின நாள் மாலைதான் நான் டேங்க் தளும்பத் தளும்ப நிரப்பியிருந்தேன். 102.63க்கு.